அனுமானம்

அனுமானம் என்பது அறிந்த ஒன்றைக் காரணமாகக் காட்டி, நேரில் அறியாத ஒன்றைத் துணியும் முறையாகும். தமிழ் நூல்கள் இதனைக் கருதல், கருத்தளவை, வழியளவை என்றும் வழங்குகின்றன. மலையில் புகை எழுவதைக் காணும் ஒருவர் அங்கே நெருப்பு உண்டு என அறிவது இதற்குக் காலங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அவர் கண்டது புகையை மட்டுமே; நெருப்பை அவர் காணவில்லை. ஆயினும் அவர் பெற்ற அறிவு வெறும் யூகமன்று.

பேச்சு வழக்கில் அனுமானம் என்ற சொல் யூகம், உத்தேசம் என்ற பொருளில் வழங்குகிறது. மெய்யியலில் அதன் பொருள் நேர்மாறானது. யூகத்திற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அனுமானத்திற்குக் காரணமே உயிர். காட்டப்படும் காரணம் சரியானதா என்று எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்பதே இதன் சிறப்பு. அந்தச் சோதனை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஆராயும் துறை அளவையியல் அல்லது தருக்கவியல் எனப்படுகிறது.

அளவைகளில் அனுமானத்தின் இடம்

நெல்லை மரக்காலாலும் நிலத்தைக் கோலாலும் அளப்பது போல, பொருளின் உண்மையை அளந்தறிய உதவும் கருவி அளவை எனப்பட்டது. வடமொழியில் இது பிரமாணம் ஆகும். எத்தனை அளவைகள் உண்டு என்பதில் இந்தியத் தத்துவப் பள்ளிகள் வேறுபடுகின்றன.

1. உலகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றனர்.
2. பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, அனுமானம் என இரண்டை ஏற்றனர்.
3. சாங்கியர் இவற்றோடு ஆப்தர் உரையையும் சேர்த்து மூன்று என்றனர்.
4. நியாயப் பள்ளியினர் உவமானத்தையும் சேர்த்து நான்கு என்றனர்.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, வேதவியாதன் பத்து அளவைகளையும், கிருதகோடி எட்டையும், சைமினி ஆறையும் கொண்டதாகக் கூறுகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த நெறிப்படி அளவை இரண்டே என விளக்குகிறார். எண்ணிக்கை எவ்வளவு வேறுபட்டாலும், உலகாயதரைத் தவிர மற்ற எல்லாப் பட்டியல்களிலும் அனுமானம் இடம்பெறுகிறது.

அனுமானத்தின் ஐந்து உறுப்புகள்

ஒருவர் தமக்குள்ளே புகையைக் கண்டு நெருப்பை அறிவது தன்பொருட்டு அனுமானம். அதையே பிறர் ஏற்கும்படி எடுத்துரைப்பது பிறர்பொருட்டு அனுமானம். தனக்காக எண்ணும்போது எல்லாப் படிகளையும் சொல்ல வேண்டியதில்லை. பிறரிடம் சொல்லும்போது ஒவ்வொரு படியும் வெளிப்பட வேண்டும். இதற்காகக் கௌதமரின் நியாய சூத்திரம் ஐந்து உறுப்புகளை வகுத்தது.

1. மேற்கோள்: இம்மலை நெருப்புடையது.
2. ஏது: புகையுடைமையால்.
3. எடுத்துக்காட்டு: எது எது புகையுடையதோ அது அது நெருப்புடையது, அடுக்களை போல.
4. உபநயம்: இம்மலையும் அவ்வாறே புகையுடையது.
5. நிகமனம்: ஆகவே இம்மலை நெருப்புடையது.

இங்கே மலை பக்கம் எனப்படும். எதைப் பற்றி முடிவு செய்யப்படுகிறதோ அது பக்கம். நெருப்பு சாத்தியம், நிறுவப்பட வேண்டியது அதுவே. புகை ஏது அல்லது சாதனம். எடுத்துக்காட்டில் வரும் அடுக்களை, புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை இரு தரப்பினரும் முன்பே கண்டறிந்த இடம். வாதத்தில் எதிரே இருப்பவரும் ஒப்புக்கொண்ட ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற நெறி இதில் அடங்கியுள்ளது.

ஐந்தும் தேவைதானா என்ற கேள்வியும் எழுந்தது. உபநயமும் நிகமனமும் எடுத்துக்காட்டிலேயே அடங்கிவிடும் என்று அறவண அடிகள் கூறுகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற மூன்றே போதும் என்பது அவர் வழிவந்த பௌத்த அளவையின் கொள்கை.

அரிஸ்டாட்டிலின் முறையுடன் ஒப்பீடு

கிரேக்க நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் மூன்று கூற்றுகளால் ஆன வாத அமைப்பை வகுத்தார். மனிதர் அனைவரும் இறப்பவர், சாக்ரட்டீஸ் மனிதர், ஆகவே சாக்ரட்டீஸ் இறப்பவர் என்பது பாடநூல்களில் காணப்படும் அதன் வடிவம். முதல் இரு கூற்றுகள் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு.

மேலைத் தருக்கம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரிக்கிறது. எடுகூற்றுகள் உண்மையா என்பது ஒன்று. எடுகூற்றுகளிலிருந்து முடிவு கட்டாயமாகப் பின்தொடர்கிறதா என்பது மற்றொன்று. இரண்டாவது பண்பு ஏற்புடைமை எனப்படும். மீன்கள் எல்லாம் பறப்பன. வாளை ஒரு மீன். ஆகவே வாளை பறக்கும் என்ற வாதம் வடிவத்தில் ஏற்புடையது. ஆனால் முதல் கூற்று பொய் என்பதால் முடிவும் பொய்யாயிற்று. மாறாக, பசுக்கள் எல்லாம் பாலூட்டிகள்; ஆடு ஒரு பாலூட்டி; ஆகவே ஆடு ஒரு பசு என்பதில் முதல் இரண்டு கூற்றுகளும் உண்மை. ஆயினும் வடிவம் பிழையானதால் முடிவு தவறிற்று.

இந்திய அளவை மரபு வடிவத்தை உண்மையிலிருந்து இவ்வாறு முழுதாகப் பிரிக்கவில்லை. அனுமானம் என்பது அறிவைப் பெறும் வழி. பொய்யான ஏதுவைக் கொண்டு அறிவைப் பெற முடியாது. ஆகவே அது அனுமானமே அன்று, அனுமானம் போலத் தோன்றும் போலி என்பது அம்மரபின் நிலை. இதனால்தான் இந்திய அளவை நூல்களில் எடுத்துக்காட்டு இன்றியமையாத உறுப்பாக நிற்கிறது. பொதுவிதி எங்கிருந்து வந்தது என்பதை வாதி காட்டியாக வேண்டும்.

மூவகை அனுமானம்

மணிமேகலையின் அளவைவாதி அனுமானத்தை முதல், எச்சம், பொது என மூன்றாகப் பிரிக்கிறான். நியாய சூத்திரம் கூறும் மூன்று வகைகளும் இவற்றோடு ஒத்தவை.

1. முதல்: காரணத்தைக் கண்டு காரியத்தை அறிதல். கருமுகிலைக் கண்டு மழை பெய்யும் என்று சொல்வது.
2. எச்சம்: காரியத்தைக் கண்டு காரணத்தை அறிதல். ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேற்பகுதியில் மழை பெய்தது என்று சொல்வது.
3. பொது: காரணகாரியத் தொடர்பு அல்லாத வேறொரு தொடர்பால் அறிதல். காட்டில் யானையின் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என்று சொல்வது.

இவை மூன்றும் ஒரே அளவு உறுதி உடையவை அல்ல. கருத்த முகில் பெய்யாமல் கலைந்து போவதும் உண்டு. காரணம் இருந்தும், இடையில் தடை ஏற்பட்டால் காரியம் நிகழாமல் போகலாம். காரியமோ காரணமின்றித் தோன்றாது. இதனால் அறவண அடிகள், புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற காரிய வழிக் கருத்தே பிழைபடாதது என்கிறார்.

காரிய வழி அனுமானத்திற்கும் மறுப்புக் கூறியவர்கள் இருந்தனர். நியாய சூத்திரமே அம்மறுப்பைப் பதிவு செய்கிறது. ஆற்றில் நீர் பெருகுவது மழையால் மட்டுமன்று; கீழே எங்காவது அடைப்பு ஏற்பட்டாலும் நீர் உயரும். எறும்புகள் முட்டைகளைச் சுமந்து செல்வது மழை வரப்போவதால் என்று சொல்ல முடியாது; புற்று சிதைந்தாலும் அவை அவ்வாறு செல்லும். மயிலின் அகவலை மனிதன் போலிக்குரலில் எழுப்பவும் கூடும்.

இதற்கு நியாய சூத்திர உரையாசிரியர் வாத்சியாயனர் கூறும் விடை குறிப்பிடத்தக்கது. நீர் உயர்ந்திருப்பது மட்டும் மழைக்கு அடையாளமன்று. விரைந்த ஓட்டம், நுரை, அடித்து வரப்படும் இலையும் மரமும் ஆகியவற்றோடு கூடிய வெள்ளமே அடையாளம். ஆகவே தவறு அனுமானத்தினுடையதன்று. அடையாளத்தைச் சரியாகப் பார்க்காதவருடையது. ஏதுவைத் துல்லியமாக வரையறுக்க வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கிறது.

வியாத்தி: பிரியாத் தொடர்பு

புகையிலிருந்து நெருப்புக்குச் செல்ல உதவும் பாலம் வியாத்தி எனப்படும். ஏது இருக்கும் இடத்திலெல்லாம் சாத்தியம் தவறாமல் இருப்பதே வியாத்தி. அனுமானத்தின் வலிமை முழுவதும் இத்தொடர்பைப் பொறுத்தது.

இத்தொடர்பு ஒருவழிப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டா என்றால் இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. விறகு ஈரமாக இருக்கும்போதே நெருப்பு புகையைத் தருகிறது. இவ்வாறு மறைந்து நின்று தொடர்பை உண்டாக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ஒரு தொடர்பில் உபாதி இருப்பது தெரிந்தால் அதனை வியாத்தியாகக் கொள்ள முடியாது. ஈர விறகைக் கணக்கில் எடுக்காதவர், நெருப்பைக் கண்ட இடமெல்லாம் புகையை எதிர்பார்த்து ஏமாறுவார்.

ஏதுவின் மூன்று இலக்கணங்கள்

கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பௌத்த அறிஞர் திக்நாகர், சரியான ஏதுவைப் போலி ஏதுவிலிருந்து பிரித்தறிய மூன்று இலக்கணங்களை முறைப்படுத்தினார். இவர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று பௌத்த மரபு கூறுகிறது.

1. ஏது பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் உண்மையாகவே புகை இருக்க வேண்டும்; பனிமூட்டமாக இருக்கக் கூடாது.
2. ஏது சபக்கத்தில் இருக்க வேண்டும். சபக்கம் என்பது சாத்தியம் இருப்பதாக முன்பே அறியப்பட்ட இடம், அடுக்களை போன்றது.
3. ஏது விபக்கத்தில் இருக்கவே கூடாது. விபக்கம் என்பது சாத்தியம் இல்லாத இடம், ஏரி போன்றது.

சபக்கத்தில் கண்டு உறுதி செய்வது அன்னுவயம் எனப்படும். விபக்கத்தில் இல்லாமையைக் கண்டு உறுதி செய்வது வெதிரேகம் எனப்படும். பெரும்பாலோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றனர். தம் முடிவுக்குச் சாதகமான இடங்களைத் தேடுவது எளிது. அதற்கு எதிரான இடத்தைத் தேடிச் சென்று பார்ப்பதற்கு முயற்சி வேண்டும். மூன்றாம் இலக்கணம் அந்த முயற்சியைக் கட்டாயமாக்குகிறது.

கழுதையும் நரிவாலும்

ஒருசேரக் காண்பது மட்டும் தொடர்பாகாது என்பதை மணிமேகலை 29ஆம் காதை நகைச்சுவை கலந்த இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறது.

ஒருவன் ஓர் ஊரில் ஒரு கழுதையையும் ஒரு கணிகையையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கண்டான். அன்னுவயம் ஒன்றே போதும் என்றால், பிற்காலத்தில் கழுதையைக் காணும் இடமெல்லாம் அங்கே கணிகை இருக்கிறாள் என்று அவன் துணிய வேண்டும். அது பொருந்தாது. இரண்டும் சேர்ந்திருந்தது தற்செயல்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வெதிரேகத்தைப் பற்றியது. கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை. இரண்டும் ஒருசேர இல்லாமையைக் கண்ட ஒருவன், வேறோர் இடத்தில் நரிவாலைக் கண்டதும் அங்கே நாய்வாலும் உண்டு என்று கருதினால் அதுவும் பொருந்தாது.

சேர்ந்து காணப்படுவதும் சேர்ந்து காணப்படாமையும் தொடர்பைத் தேடத் தூண்டும் குறிப்புகளே. தொடர்பு உண்மையில் இருக்க வேண்டுமானால், அதற்கு அடிப்படை ஒன்று வேண்டும். கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தருமகீர்த்தி அத்தகைய அடிப்படைகள் இரண்டு என்றார். ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியிருக்க வேண்டும், புகை நெருப்பிலிருந்து தோன்றுவது போல. அல்லது ஒன்றின் இயல்பிலேயே மற்றது அடங்கியிருக்க வேண்டும், மாமரம் என்றாலே அது மரம் என்பது போல.

ஏதுப் போலிகள்

காரணம் போலத் தோன்றி, காரணமாகாதது ஏதுப் போலி. மணிமேகலை பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என மொத்தம் 33 போலிகளை விளக்குகிறது. கி.பி. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகம் ஏதுப் போலிகளை ஐந்தாகச் சுருக்கித் தருகிறது. தொடக்க நிலை மாணவர்களுக்கு இந்த ஐந்தும் போதுமானவை.

1. சவியபிசாரம் (பிறழ்வு): இம்மலை நெருப்புடையது, அறியப்படும் பொருளாதலால். ஏரியும் அறியப்படும் பொருளே, அதில் நெருப்பில்லை. ஏது விபக்கத்திலும் காணப்படுவதால் இது போலி.
2. விருத்தம் (முரண்): ஒலி அழியாதது, உண்டாக்கப்படுவதால். உண்டாக்கப்படுவது அழியும் என்பதே உண்மை. ஏது எதிர் முடிவையே நிறுவுகிறது.
3. சற்பிரதிபட்சம் (எதிர் ஏது உடையது): ஒரு முடிவுக்குக் காட்டிய ஏதுவுக்கு நிகராக, எதிர் முடிவுக்கும் ஏது காட்ட முடிதல். அந்நிலையில் இரண்டுமே துணிவைத் தருவதில்லை.
4. அசித்தம் (நிறுவப்படாதது): ஆகாயத் தாமரை மணமுடையது, தாமரையாதலால், குளத்துத் தாமரை போல. ஆகாயத் தாமரை என்று ஒன்று இல்லாதபோது அதன் மணத்தைப் பற்றிப் பேச இடமில்லை.
5. பாதிதம் (மறுக்கப்பட்டது): நெருப்பு குளிர்ந்தது, பொருளாதலால், நீர் போல. தொட்டவுடன் தெரியும் உண்மை இம்முடிவை மறுத்துவிடுகிறது.

பூதவாதியின் மறுப்பு

எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் எவரும் பார்த்ததில்லை. அவ்வாறிருக்க, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்று எவ்வாறு சொல்ல முடியும்? உலகாயதர் எழுப்பிய இக்கேள்வி அனுமானத்தின் வேரையே தொடுகிறது. வியாத்தியை அனுமானத்தால் அறியலாம் என்றால், அந்த அனுமானத்திற்கும் வேறொரு வியாத்தி வேண்டும். அது முடிவின்றி நீளும். 18ஆம் நூற்றாண்டில் இசுக்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இதே வகைக் கேள்வியை எழுப்பினார். இதுவரை நிகழ்ந்தது இனியும் அவ்வாறே நிகழும் என்பதைக் காரணம் காட்டி நிறுவ முடியாது. பழக்கமே அந்நம்பிக்கையைத் தருகிறது என்பது அவர் கருத்து.

மணிமேகலையில் இக்கொள்கையைச் சொல்பவன் பூதவாதி. கண்ணால் காண்பதே அளவை, கருதல் அளவையன்று என்று அவன் கூற, மணிமேகலை அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்பதே அக்கேள்வி. தன் பிறப்பை எவரும் கண்டு அறிவதில்லை. அனுமானத்தை முற்றிலும் விலக்குபவர் தம் அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதியை விலக்க நேரும்.

பிற்காலத்தில் நியாய அறிஞர் உதயனர் இவ்விடையை விரித்தார். ஐயம் எல்லையற்றதன்று, ஒருவரின் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். புகைக்கு நெருப்பு காரணமா என்று ஐயுறுபவரும், புகை வேண்டும்போது நெருப்பையே மூட்டுகிறார். இவ்விடை வியாத்தியை ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிடவில்லை. ஆனால் எந்த ஐயம் ஆராயத்தக்கது, எது வெறும் சொல்லளவில் நிற்பது என்று பிரித்துக் காட்டுகிறது.

அனுமானம் உயிர் காத்த ஒரு நிகழ்வு

இவ்விதிகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் வியன்னா பொது மருத்துவமனையில் நிகழ்ந்தது ஒரு சான்று. அங்கே மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டு முதல் பிரிவில் 100 தாய்மாருக்கு 11க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அந்த எண்ணிக்கை 3க்கும் குறைவு. பெரும்பாலான இறப்புகளுக்குப் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலே காரணம்.

அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். காற்றில் உள்ள தீங்கு காரணம் என்றால் ஒரே வளாகத்தில் இருந்த இரண்டு பிரிவுகளும் ஒரே அளவு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வாறில்லை. இட நெருக்கடி காரணம் என்றால் நெருக்கடி மிகுந்த இரண்டாம் பிரிவில் இறப்பு கூடியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. இறுதிச் சடங்கிற்கு வரும் பாதிரியார் மணியொலியுடன் முதல் பிரிவின் வழியே நடந்து செல்வது தாய்மாரை அச்சுறுத்துகிறது என்றனர். அவரை வேறு வழியில், மணியின்றி வரச் செய்தும் இறப்பு குறையவில்லை. மணியோசையும் மரணமும் ஒருசேர இருந்தன. அது கழுதையையும் கணிகையையும் போன்ற சேர்க்கை.

1847 மார்ச்சில், அவருடன் பணியாற்றிய யாகோப் கொலெட்ச்கா பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமுற்று, அத்தாய்மாருக்கு ஏற்பட்ட அதே அறிகுறிகளுடன் இறந்தார். பிணப் பரிசோதனை செய்த கைகளோடு மாணவர்கள் நேரே முதல் பிரிவுக்கு வருவதும், மருத்துவச்சிகள் பிணப் பரிசோதனை செய்வதில்லை என்பதும் செம்மல்வைஸுக்கு அப்போது விளங்கின. நோய் உள்ள பிரிவில் அந்தக் காரணம் உண்டு; நோய் குறைந்த பிரிவில் அது இல்லை. அன்னுவயமும் வெதிரேகமும் பொருந்தின. ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் ஒற்றுமை முறை, வேற்றுமை முறை என்று விளக்கியவையும் இவற்றை ஒத்தவையே. 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவது கட்டாயமாக்கப்பட்டது. 1848இல் முதல் பிரிவின் இறப்பு 100க்கு 1.27 ஆகவும் இரண்டாம் பிரிவின் இறப்பு 1.33 ஆகவும் இருந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிணத்தின் துகளே காரணம் என்றால், கை கழுவினால் இறப்பு குறையும், இறப்பு குறைந்தது, ஆகவே பிணத்தின் துகள் மட்டுமே காரணம் என்ற வாதம் ஏற்புடையதன்று. வேறு காரணங்களும் அதே விளைவைத் தரக்கூடும். பின்னர் புற்றுப்புண் உடைய பெண் ஒருவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், கரைசலில் கழுவாமல் வழக்கம்போல் கைகளைக் கழுவிக்கொண்டு மேலும் 12 பெண்களைப் பரிசோதித்தனர். அவர்களில் 11 பேர் இறந்தனர். உயிருள்ள உடலின் அழுகிய பொருளும் நோயைப் பரப்பும் என்பது அப்போது தெரியவந்தது. செம்மல்வைஸ் தம் ஏதுவை விரிவாக்கினார். ஏதுவின் எல்லையைத் தவறாக வகுத்ததன் விலை அந்த உயிர்கள்.

தமிழில் அளவை நூல்கள்

மணிமேகலையின் 27, 29ஆம் காதைகள் தமிழில் அளவையியலை விரிவாகக் கூறும் பழைய பகுதிகளுள் முதன்மையானவை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், சைவ சித்தாந்தப் பொருளைத் தொடங்குமுன் அளவையை விளக்குகிறது. பிறர் கூறும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அது அடக்குகிறது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார்.

சமயங்கள் ஒன்றையொன்று மறுத்து வாதிட்ட சூழலிலேயே இந்நூல்களின் அளவைப் பகுதிகள் உருவாயின. முடிவுகளில் மாறுபட்டவர்களும் ஏது, எடுத்துக்காட்டு, போலி என்ற சொற்களைப் பொதுவாகக் கொண்டிருந்தனர். எதிராளியின் முடிவு பிடிக்கவில்லை என்பது மறுப்பாகாது. அவர் காட்டிய ஏது எந்த இலக்கணத்தில் தவறியது என்று காட்டுவதே மறுப்பு என்ற நெறி அவர்களுக்குப் பொதுவாக இருந்தது.